விசா விலக்கு: எதிலிருந்து விலக்கு?

லத்தீனில் 'விசா' என்றால் 'பார்க்கப்பட்டது'. 'கார்ட்டா விசா' என்பது பார்த்துச் சரிபார்த்த தாள். அது பிரெஞ்சு வழியாகப் பிற மொழிகளுக்குப் போனது. வீடியோவுக்கும் அதே வேர்தான். இன்னும் தோண்டினால் வடமொழி 'வேத'மும் தூரத்து உறவு. தமிழில் நுழைவிசைவு, நுழைமதி என்ற ஆக்கங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது நுழைவிசைவு. கேட்டதும் பொருள் விளங்குகிறது. ஆனால் கடவுச்சீட்டு பழகிய அளவுக்கு இது பழகவில்லை. பேச்சில் விசாதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

குழப்பம் 'விசா-ஃப்ரீ'யில் வருகிறது. இதை 'இலவச விசா' என்று எழுதினால் பிழை. கட்டணம் இல்லாமல் தரும் விசா வேறு, விசாவே கேட்காதது வேறு. 'விசா விலக்கு' என்பதே சரி. விலக்கு என்றதும் 'எதிலிருந்து?' என்று கேட்கத் தோன்றும். புறப்படும் முன் வாங்க வேண்டிய அந்தத் தாளிலிருந்து மட்டும். நாள் கணக்கிலிருந்து அல்ல.

மலேசிய, சிங்கப்பூர், பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் பரப்பில் இந்த விலக்கு உண்டு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்குக் கிடையாது. ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் மோசெல் ஆற்றங்கரைச் சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று தங்களுக்கு நடுவிலான எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்க, ஐந்து நாடுகள் அங்கே நின்ற ஒரு கப்பலில் ஒப்பந்தம் போட்டன. இன்று அதில் 29 நாடுகள். ஊர்ப் பெயர் என்பதால் தமிழாக்கம் தேவையில்லை.

இந்த 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு: எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள். பிரான்சில் 90, இத்தாலியில் இன்னொரு 90 என்பது கிடையாது. '90 நாள்தானே, மூன்று மாதம்' என்பதும் ஆபத்து. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சேர்ந்தால் 92. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாளாகவே எண்ணப்படும்.

அந்த 180 எங்கே தொடங்குகிறது? எங்கேயும் நிலையாகத் தொடங்குவதில்லை. ஆங்கிலத்தில் இதை 'ரோலிங்' என்கிறார்கள். 'உருளும் 180' என்று மாற்றினால் ஒன்றும் புரியாது. நான் 'பின்னோக்கிய 180' என்பேன். அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றைய தேதியையும் சேர்த்து 180 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து போகும் தம்பதியை வைத்துப் பார்ப்போம். மார்ச் 1 பாரிஸில் இறங்கி ஏப்ரல் 29 வரை சுற்றினால் 60 நாள். அப்புறம் இரண்டு மாதம் ஷெங்கனுக்கு வெளியே, லண்டனில் மகள் வீடு. ஜூலை 1 அன்று ரோமுக்கு வந்தால் 'புதுசாக 90' கிடைக்காது, மிச்சம் 30தான். ஜூலை 30 அன்று கிளம்பியே ஆக வேண்டும். மார்ச் 1 கணக்கிலிருந்து உதிர்வது ஆகஸ்ட் 28. அன்று முதல் பழைய நாள் ஒன்று உதிர, புதிய நாள் ஒன்று கையில் வரும்.

ஐந்தாண்டு ஷெங்கன் விசா வாங்கிய இந்தியர்களுக்கும் இதே 90, இதே 180. ஐந்தாண்டு என்பது வந்துபோகும் காலத்துக்கு, தங்கும் நாளுக்கு அல்ல.

'ஓவர்ஸ்டே'க்கு 'மிகைத்தங்கல்' என்று சிலர் எழுதுகிறார்கள். ஏதோ விருந்தில் கூடுதலாகச் சாப்பிட்டதுபோல இருக்கிறது. 'நாள் தாண்டித் தங்குதல்' போதும். அபராதமோ மறுநுழைவுத் தடையோ வரலாம். முன்பு மங்கலான முத்திரைகளைப் புரட்டி அதிகாரி எண்ணினார். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறையில் முகமும் கைரேகையும் பதிவாகின்றன, எண்ணுவது கணினி.

நீண்ட பயணம் போகிறவர்கள் நடுவில் வெளியே கழிக்க வேண்டிய நாட்களுக்கு அயர்லாந்தையும் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. பிரிட்டனும் தனிக் கணக்கு. டப்ளினில் கழியும் நாள் எதுவும் அந்த 90-இல் சேராது.