இரண்டாவது நாற்காலியில் இருப்பவர்

என் அறையில் நோயாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி உண்டு. அதில் உட்காருபவர்கள் அதிகம் பேசுவதில்லை. மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி மடியில் வைத்திருப்பார்கள்; கேட்டதும் எடுத்து நீட்டுவார்கள். "இப்போது ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்று நோயாளியிடம் கேட்கும்போது நான் அந்த இரண்டாவது முகத்தைத்தான் பார்ப்பேன். "இரண்டுதான் டாக்டர்" என்று பதில் வரும். இரண்டாவது முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த நம்பகமான பரிசோதனைகளில் அதுவும் ஒன்று.

கணவர் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்த நேரத்தில் ஓர் அம்மா சொன்னார்: "மூச்சுக்குத் தவிக்கும்போது பாவமாக இருக்கிறது. மூச்சு திரும்பியதும் சிகரெட் கேட்கிறாரே, அப்போது கழுத்தை நெரித்துவிடலாம் போல இருக்கிறது. நான் கெட்டவளா டாக்டர்?" அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன். மனைவி புகைப்பவராக இருந்து கணவர் கேட்டதும் உண்டு.

அந்தக் கணவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். கட்டிலருகே ஒரு மணி வைத்திருந்தார். இரவில் நான்கைந்து முறை அது அடிக்கும். தலையணையை உயர்த்து, தண்ணீர் கொடு, காலைப் பிடித்துவிடு, விளக்கை அணை, ஏன் அணைத்தாய். விடிந்ததும் குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்து புகை வரும்.

இந்த எரிச்சலும் அதிகாரமும் எங்கிருந்து வருகின்றன என்று பிரித்துப் பார்ப்பது உதவும். நிகோட்டின் உடலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். குறையக் குறைய எரிச்சல் ஏறும். அடுத்த சிகரெட் அதைத் தணிக்கும். சிகரெட் பிடித்தால்தான் மனிதர் சாந்தமாகிறார் என்று வீட்டில் இருப்பவர்களே நம்பிவிடுகிறார்கள். அந்தக் கோபத்தைக் கிளப்பிவிட்டதே முந்தைய சிகரெட்டாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மருந்துகளுக்கும் பங்குண்டு. நோய் திடீரென்று தீவிரமாகும்போது நாங்கள் தரும் ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையைக் குலைக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை நெபுலைசரில் எடுத்த பிறகு கை நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். இரத்தத்தில் கரியமில வாயு தேங்கினால் காலையில் தலைவலி, பகலில் தூக்க மயக்கம், சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் வரும். புதிதாகத் தோன்றும் குழப்பத்தை "வேண்டுமென்றே செய்கிறார்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் பயம் இருக்கிறது. மூச்சு கிடைக்காமல் விழிப்பது எப்படி என்று அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பல இரவுகளில் அந்த மணி கேட்டது தண்ணீரை அல்ல, துணையை. அதனால் தனியாகவே செய்துகொள்ளக்கூடிய சிலவற்றை அவருக்குப் பழக்கினோம். முன்னால் சாய்ந்து முழங்கைகளை மேசைமேல் ஊன்றி உட்காருவது. உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரு மடங்கு நேரம் எடுத்து மூச்சை விடுவது. பேட்டரியில் ஓடும் சின்னக் கைவிசிறியை முகத்துக்கு நேராகப் பிடிப்பது. கைவிசிறி என்றதும் சிரித்தார். முகத்தில் படும் காற்று மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். மணி அடிப்பது நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்தது.

இத்தனையும் கழித்த பிறகு மிச்சம் ஒன்று இருக்கும். "கல்யாணம் ஆன நாளிலிருந்தே இப்படித்தான்" என்பார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நோய் வந்ததாலேயே பழைய குணத்துக்கு மன்னிப்பு கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அடிப்பதும் மிரட்டுவதும் இருந்தால் சிகரெட் இரண்டாம் பிரச்சினை. முதலில் உங்கள் பாதுகாப்பு. மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் நயமாகப் பேசுவதில்லை. வீட்டில் ஆக்சிஜன் கருவி இருக்கும்போது புகைப்பது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் மற்றதை ஆவேசமாக எரிய வைக்கும். சட்டையிலும் போர்வையிலும் தலைமுடியிலும் அது தங்கும். கருவியை அணைத்த உடனே பற்றவைத்தாலும் ஆபத்துதான். மூக்கில் குழாயோடு புகைத்து முகம் வெந்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் தூங்கியவரும் தப்பாத தீ விபத்துகள் நடந்திருக்கின்றன. மின் சிகரெட்டுக்கும் இதே கதைதான். ஆக்சிஜனிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தூரத்துக்குள் எந்த நெருப்பும் கூடாது. அவர் அப்படிப் புகைக்கிறார் என்றால் எங்களிடம் சொல்லிவிடுங்கள். காட்டிக்கொடுப்பதாக நினைத்துத் தயங்காதீர்கள். அதே வீட்டில்தான் நீங்களும் தூங்குகிறீர்கள்.

"ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறதே, சிகரெட் என்னை என்ன செய்துவிட்டது?" என்று வாதாடுபவர்கள் உண்டு. சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனின் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அது காட்டும் எண்ணில் கொஞ்சம் விஷமும் சேர்ந்தே இருக்கும்.

சிகரெட்டை நீங்கள் வாங்கித் தர வேண்டுமா? என் கருத்து: வேண்டாம். நிகோட்டின் கிடைக்காவிட்டால் மனிதர் அவதிப்படுவார், கத்துவார்; உயிருக்கு ஆபத்தில்லை. முதல் வாரம் மோசமாக இருக்கும், மூன்று நான்கு வாரங்களில் தணியும். ஆனால் சண்டைக்கு நடுவில் இதை அறிவிக்காதீர்கள். அவர் நன்றாக மூச்சுவிடும் ஒரு நேரத்தில், "அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நான் வாங்கி வர மாட்டேன். டாக்டரிடம் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை கேட்போம்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். சொன்னபடி நடங்கள். வீட்டுக்குள் புகை கூடாது என்பதும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்து வைப்பதும் மின்விசிறியைச் சுழலவிடுவதும் போதாது. புகைக்காத மனைவிகளுக்கு, கணவரின் புகையால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா 1981இலேயே எழுதிவிட்டார். அவர் புகைப்பதை உங்களால் தடுக்க முடியாமல் போகலாம். எங்கே புகைக்கிறார் என்பதில் உங்களுக்கும் பேச்சு உண்டு.

சிகரெட் எண்ணுவதையும் சட்டையை முகர்ந்து பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். அது உங்களைக் காவலராகவும் அவரைக் கள்ளராகவும் மாற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

"கெட்டது கெட்டுவிட்டது, இனி நிறுத்தி என்ன?" என்பார். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு நீண்ட ஆய்வில், ஆரம்ப நிலை அடைப்பு நோயோடு புகைத்துக்கொண்டே இருந்த ஆண்கள் ஆண்டுக்குச் சுமார் 66 மில்லி லிட்டர் மூச்சுத்திறனை இழந்தார்கள். நிறுத்தியவர்கள் இழந்தது சுமார் 30. போனது திரும்பாது, ஆனால் போகும் வேகம் பாதியாகிறது. மன உறுதியை மட்டும் நம்பி நிறுத்துபவர்கள் மிகக் குறைவு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நிகோட்டின் பட்டையோடு நிகோட்டின் சூயிங்கம்மும், அல்லது புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வெரெனிக்லின் மாத்திரையும் கைகொடுக்கின்றன. உடனே நிறுத்த மனமில்லாதவர்கள்கூட வெரெனிக்லினோடு மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஓர் எச்சரிக்கை: மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுபவர் புகையை நிறுத்தினால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும். வாந்தி, படபடப்பு வரலாம். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே நிறுத்திய செய்தியை நல்ல செய்தியாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் எங்களுக்கும் தெரிவியுங்கள்.

நான் கெட்டவளா என்று கேட்ட அம்மாவுக்கு அன்று நேரடியாகப் பதில் சொல்லவில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். துணைவரைப் பராமரிப்பதில் மன அழுத்தத்துக்கு ஆளான முதியவர்கள், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக நான்கு ஆண்டுகளில் இறந்துபோயிருந்தார்கள். பிறகு, "நீங்கள் எப்போதாவது மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "எனக்கு எதற்கு?" என்றார். எத்தனை வருடங்களாக அந்தப் புகையோடு இருக்கிறீர்கள் என்றேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். முப்பத்து நான்கு.

அடுத்த முறை அவருக்கே ஒரு கோப்பு திறந்தோம். அந்த அம்மா குழாயை வாயில் வைத்து ஊத, பரிசோதகர் "இன்னும், இன்னும், இன்னும்" என்று கத்திக்கொண்டிருந்தார். கணவர் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து மனைவியின் கைப்பையை மடியில் வைத்திருந்தார். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டு தெரிந்தது. அவர் பார்வை ஊதும் முகத்தைவிட்டு நகரவில்லை.