கேமரா பையை விமான வாசலில் வாங்கிக்கொண்டால்?

கல்யாண சீசன் தொடங்கினால் எனக்கு வரும் போன்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். “அண்ணே, கேமரா பேக்கைக் கையோட கொண்டு போக விடுவாங்களா?” முதல் முறையாக வெளியூர் ஆர்டர் பிடித்த தம்பிகள் கேட்பது. விடுவார்கள். கேமரா, லென்ஸ், பிளாஷ் எதுவும் கேபினில் தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. ஆனால் இந்த ஒரு வரியோடு போனை வைத்துவிட எனக்கு மனம் வருவதில்லை. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. கேட்டிலோ விமானத்தின் படியிலோ நிற்கும்போது, “மேலே இடமில்லை சார், பேக்கைக் கொடுங்க, கீழே போட்டுடறோம்” என்பார்கள். பின்னால் வரிசை நிற்கும். பேச நேரம் இருக்காது. அந்தச் சில நிமிடங்களுக்குத் தயாராகத்தான் பையை அடுக்க வேண்டும்.

சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம், யாழ்ப்பாணம் என்று போகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். அங்கெல்லாம் ஓடுவது பெரும்பாலும் ஏடிஆர் என்ற சின்ன விமானங்கள். இருக்கைக்கு மேலே இருக்கும் பெட்டி சின்னது. ஏர்பஸ்ஸில் சாதாரணமாக நுழையும் சக்கரப் பெட்டி அதில் நுழையாது. டிக்கெட்டில் அனுமதி இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது என்று வாதாடினாலும் இடம் இல்லாத இடத்தில் பெட்டி ஏறாது. பெரிய விமானத்திலும் கடைசியாக ஏறுகிறவருக்கு இதே கதைதான்.

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். உள்நாட்டில் கேபின் பைக்குப் பொதுவாக 7 கிலோ. கல்யாண வேலைக்கு ஒருவர் எடுத்துப் போகும் சாமானைக் கூட்டிப் பாருங்கள். சோனி ஏ7 நான்காவது மாடல் பேட்டரியோடு 658 கிராம். இரண்டு பாடி, அதாவது லென்ஸ் மாட்டாத கேமரா இரண்டு என்றால் 1.3 கிலோ. லென்ஸ்களில் 24-70 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 695 கிராம், 70-200 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 1,045 கிராம், 35 எம்எம் ஜிஎம் 524, 85 எம்எம் 1.8 லென்ஸ் 371. இதுவே நான்கு கிலோவைத் தொட்டுவிடுகிறது. பேட்டரியோடு இரண்டு பிளாஷ் சேர்த்தால் இன்னும் ஒரு கிலோ. மாற்று பேட்டரி, சார்ஜர், கார்டு எல்லாம் சேர்த்து ஐந்தரை கிலோவுக்கு மேல் போய்விடும். மிச்சம் இருக்கும் ஒன்றேகால், ஒன்றரை கிலோவுக்குள் பை இருக்க வேண்டும். கடையில் கேமரா ரோலர் என்று விற்கும் சக்கரப் பெட்டிகளில் பல, காலியாகவே மூன்றரை, நான்கு கிலோ இருக்கும். அதை வாங்கும்போதே பாதி அனுமதியைத் தொலைத்துவிடுகிறோம். விமானத்துக்கென்றால் எடை குறைந்த முதுகுப் பைதான் என் தேர்வு. பார்க்கச் சாதாரணமாக இருந்தால் இன்னும் நல்லது.

கழுத்தில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் யாரும் எடை போடுவதில்லை. அது நடைமுறையில் கிடைக்கும் சலுகை. கவுண்டரில் இருப்பவர் எல்லாவற்றையும் தராசில் வைக்கச் சொன்னால் வைத்துத்தான் ஆக வேண்டும். அதனால் எடையை வீட்டிலேயே குறைத்துவிடுங்கள். சார்ஜர், லைட் ஸ்டாண்ட், ட்ரைபாட், சாஃப்ட்பாக்ஸ், பேட்டரி கழற்றிய இரண்டாவது பிளாஷ் எல்லாம் துணிகளுக்கு நடுவே செக்-இன் பெட்டியில் போகட்டும். இவை தாமதமானாலும் முகூர்த்தத்தைச் சமாளித்துவிடலாம். பாடியும் லென்ஸும் வராமல் போனால் சமாளிக்க வழி இல்லை.

இரண்டு பேராகப் போகிறவர்கள் ஒரு பையில் பாடி எல்லாம், இன்னொன்றில் லென்ஸ் எல்லாம் என்று அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொருவர் பையிலும் ஒரு பாடி, ஒரு ஜூம் லென்ஸ், சில பேட்டரி, சில கார்டு இருக்க வேண்டும். எந்தப் பை வந்து சேர்ந்தாலும் அதை வைத்தே தாலி கட்டுவதை எடுக்க முடிய வேண்டும்.

இனி அந்த வாசலுக்கு வருவோம். பெரிய பைக்குள் ஒரு சின்னத் துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பாடி, அதிகம் பயன்படும் லென்ஸ் ஒன்று, எல்லா மாற்று பேட்டரிகளும், கார்டுகளும், ஹார்டு டிஸ்க்கும் இருக்கட்டும். பையைக் கேட்டார்கள் என்றால் ஜிப்பைத் திறந்து அந்தத் துணிப்பையை உருவி எடுக்க அரை நிமிடம் போதும். அதை முன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். எமர்ஜென்சி கதவு வரிசையிலும் முதல் வரிசையிலும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள். இருக்கை தேர்வு செய்யும்போதே அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பெரிய பையில் மிச்சம் இருக்கும் பாடியிலிருந்து லென்ஸைக் கழற்றி மூடி போட்டிருக்க வேண்டும். மாட்டியபடியே கீழே போனால் விழும் அதிர்ச்சி முழுவதையும் லென்ஸ் மாட்டும் வளையமான மவுன்ட் வாங்கும்.

ஊழியரிடம் முதலில் சொல்ல வேண்டியது, “உள்ளே மாற்று லித்தியம் பேட்டரி இருக்கு” என்பது. இது சாக்குப்போக்கு இல்லை, விதியே அதுதான். கருவியில் மாட்டாத லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் சரக்கு அறைக்குப் போகக் கூடாது. கடைசி நிமிடத்தில் பை கைமாறும்போது அவற்றை எடுத்துவிட்டீர்களா என்று அவர்கள் கேட்க வேண்டும். அவசரத்தில் கேட்க மறந்தால் நாம் சொல்ல வேண்டும். பேட்டரி சூடேறிப் பற்றினால் ஒரு செல்லின் வெப்பம் அடுத்த செல்லைப் பற்ற வைக்கும். சரக்கு அறையில் இருக்கும் ஹேலான் வாயு தீச்சுவாலையை அடக்கலாம், ஆனால் பேட்டரிக்குள் நடக்கும் அந்த வினையை நிறுத்தாது. கேபினில் என்றால் யாராவது புகையைப் பார்ப்பார்கள், பணிக்குழு தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கும். அதனால்தான் பேட்டரியைப் பயணிகளோடு மேலே வைக்கச் சொல்கிறார்கள்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். இருக்கைக்கு மேலே வைத்திருந்த பவர் பேங்கே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். மார்ச் மாதத்திலிருந்து அந்த நாட்டு விமானங்களில் பவர் பேங்கை மேல் பெட்டியில் வைக்க விடுவதில்லை. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள், பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது என்று மாற்றிவிட்டன. நமக்கும் அதே பழக்கம் நல்லது. பேட்டரிகள் எல்லாம் கண்ணில் படும் இடத்தில், காலடியில் இருக்கட்டும்.

எத்தனை கொண்டு போகலாம் என்பது வாட்-அவர் கணக்கு, அதாவது பேட்டரி எவ்வளவு ஆற்றலைத் தாங்குகிறது என்பது. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வந்துவிடும். சோனியின் எஃப்இஸட்100 பேட்டரி 7.2 வோல்ட், 2,280 எம்ஏஹெச் (2.28 ஆம்பியர்-அவர்), ஆக 16.4 வாட்-அவர். 100 வரை இருப்பவற்றுக்குத் தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் சம்மதத்தோடு இரண்டு மாற்று பேட்டரிகள் மட்டும். 160-க்கு மேல் பயணி கொண்டு போகவே முடியாது. வீடியோக்காரர்கள் பயன்படுத்தும் பெரிய வி-மவுன்ட் பேட்டரிகளில் பல 98, 99 வாட்-அவரில் நிற்பதற்குக் காரணம் இந்த எல்லைதான். பவர் பேங்கை உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட வேண்டும்; 20,000 எம்ஏஹெச் என்றால் 74 வாட்-அவர், பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111 வந்துவிடும், முன்கூட்டியே கேட்க வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தாலும் பேட்டரியின் மேல் அச்சிட்ட எழுத்து அழிந்திருந்தால் சோதனை செய்பவர் எதை வைத்து நம்புவார்? லேபிள் தேய்ந்த பழைய பேட்டரி, பெயர் தெரியாத கம்பெனியின் மலிவு பேட்டரி, லேசாக உப்பிய பேட்டரி மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உப்பியதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றக் கூடாது. மற்றவற்றுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டு, அல்லது முனையில் டேப் ஒட்டி, தனித்தனியாக வையுங்கள். சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பாக்கெட்டில் போடுவது ஆபத்து.

சோதனை வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடி, பெரிய லென்ஸ், பேட்டரிப் பை எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே தனி ட்ரேயில் வைத்துவிட்டால் சீக்கிரம் முடியும். கேமராவில் கொஞ்சம் சார்ஜ் இருக்கட்டும், சில நேரம் ஆன் செய்து காட்டச் சொல்வார்கள். ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர், அழுத்தமான காற்று அடைத்த டப்பா எதுவும் கைப்பையில் வேண்டாம். தூசி ஊத ரப்பர் பந்து போதும். மோனோபாட் தடி போலத் தெரிவதால் நிறுத்துவார்கள். எக்ஸ்ரேயால் மெமரி கார்டுக்கோ சென்சாருக்கோ ஒன்றும் ஆகாது. ஃபிலிமில் எடுப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். புதிதாக வரும் சி.டி. ஸ்கேனர்கள் குறைந்த ஐ.எஸ்.ஓ. ஃபிலிமையும் கெடுத்துவிடும். செக்-இன் பெட்டிக்கான இயந்திரமும் அப்படியே. ஒளி ஊடுருவும் பையில் சுருள்களைப் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். இன்னொன்று: லே, ஸ்ரீநகர், புனே போல ராணுவமும் பயன்படுத்தும் தளங்களில் ஜன்னல் வழியாகக்கூடப் படம் எடுக்கக் கூடாது. நம் கை சும்மா இருக்காது என்பதால் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது கஸ்டம்ஸ் விஷயம். திரும்பி வரும்போது இத்தனை லட்சம் ரூபாய்ச் சாமானும் இங்கிருந்து போனதுதான் என்று நிரூபிக்க வேண்டியது நாம். புறப்படும் அன்று கஸ்டம்ஸ் அதிகாரியிடம் சாமானைக் காட்டி, சீரியல் எண்ணோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். பில் நகலும் சீரியல் எண் பட்டியலும் கையில் இருந்தால் வேலை சுலபம். பெரிய செட்டோடு சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று போகிறவர்களுக்கு ஏடிஏ கார்னே இருக்கிறது; சாமானை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டு போய் வர உதவும் ஆவணம் அது. இந்தியாவில் அதை வழங்குவது ஃபிக்கி என்ற வணிக, தொழில் கூட்டமைப்பு. பிணைத்தொகை கட்ட வேண்டும், ஒரு வருடம் வரை செல்லும். சுற்றுலா விசாவில் போய்க் கூலிக்குப் படம் எடுப்பது சிக்கலில் முடியலாம். அழைக்கும் குடும்பத்திடம் இதை முன்பே பேசிவிடுங்கள். அங்கே மலிவு என்று ட்ரோன் வாங்கி வராதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு இங்கே தடை இருக்கிறது, விமான நிலையத்திலேயே பறிபோகும்.

இழப்பீடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கேமராவைக் கீழே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மத்திய அரசின் பயணிகள் சாசனப்படி உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் உச்சவரம்பு 20,000 ரூபாய். வெளிநாட்டுப் பயணத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம். ஒரு பாடிக்கும் ஒரு நல்ல லென்ஸுக்குமே அது போதாது. கேமரா போன்ற பொருளுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று பல நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. தொழில் சாமானுக்கென்று தனி இன்ஷூரன்ஸ் எடுப்பதுதான் வழி. பை உடைந்தோ வராமலோ போனால் அந்த ஹாலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும் தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

திரும்பும் நாளில் இந்த வரிசை எல்லாம் மாறிவிடும். போகும்போது பாடியும் லென்ஸும் முக்கியம், வரும்போது கார்டுதான் முக்கியம். லென்ஸ் போனால் வாங்கிக்கொள்ளலாம், அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு முகூர்த்தம் கிடையாது. மண்டபத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள். கார்டுகளை அழிக்காமல் அப்படியே சட்டைப் பையில் வையுங்கள், டிஸ்க் உதவியாளரிடம் இருக்கட்டும். தனியாகப் போயிருந்தால் ஒரு நகலை மாப்பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ கொடுத்துவிட்டு, ஊர் வந்து இன்னொரு பிரதி எடுத்த பிறகு எல்லாம் பத்திரம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.