முதல்ல கேட்ட விலை ஏன் மண்டையை விட்டுப் போகுதில்ல?

கொழும்பு புறக்கோட்டை மெயின் ஸ்ட்ரீட்ல ஒரு சாரிக்கு 9,000 எண்டு சொல்லுறாங்க, நீங்க "என்னண்ணே, கொஞ்சம் பார்த்துப் போடுங்கோவன்" எண்டு இழுத்துப் பறிச்சு 6,500க்கு வாங்கிக்கொண்டு ஏதோ பெரிசா வெண்ட மாதிரி வெள்ளவத்தைக்கு பஸ் ஏறுறீங்க. அந்தச் சாரி என்ன பெறும் எண்டு யோசிச்சீங்களா? இல்ல, 9,000ல இருந்து எவ்வளவு இறக்கலாம் எண்டு மட்டும்தான் யோசிச்சீங்க.

முதல்ல கேட்ட இலக்கம் எங்கட ஊகத்தை தன்ர பக்கம் இழுக்கிறதுக்கு மனோதத்துவத்தில ஆங்கரிங் (நங்கூரம் போடுறது) எண்டு பேர். 1974ல ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டானியல் கானமன் எண்ட ரெண்டு மனோதத்துவ ஆய்வாளர்கள் எழுதின கட்டுரையில ஒரு பரிசோதனை வருது. ஆக்களுக்கு முன்னால இலக்கம் போட்ட ஒரு சக்கரத்தை சுத்திவிட்டு, ஐநா சபையில ஆபிரிக்க நாடுகள் எத்தனை வீதம், இந்த இலக்கத்தை விடக் கூடவா குறையவா எண்டு கேட்டாங்க, பிறகு சரியான வீதத்தை ஊகிச்சு சொல்லச் சொன்னாங்க. ஊகங்களை வரிசையா அடுக்கினா நடுவில வந்தது, சக்கரம் 10ல நிண்ட குழுவில 25, 65ல நிண்ட குழுவில 45. சக்கரத்துக்கும் ஐநாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல! சரியா சொன்னா காசு தாறம் எண்டு சொல்லியும் இந்த இழுப்பு குறையேல்ல.

ஏன் இப்பிடி? ஒரு காரணம், மூளை அந்த இலக்கத்தில இருந்து கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, "சரி, இது பரவாயில்ல" எண்ட இடம் வந்ததும் நிண்டுடும், போக வேண்டிய தூரம் போகாது. மற்றது இன்னும் சுவாரசியம். "9,000 பெறுமா?" எண்டு கேட்ட உடனே மூளை பெறும் எண்டதுக்கு ஏத்த விசயங்களைத்தான் முதல்ல இழுத்து எடுக்கும், கரை நல்லாயிருக்கு, துணி பாரமாயிருக்கு, சாயம் போகாது போல. பிறகு நீங்க எவ்வளவு ஆறுதலா யோசிச்சாலும் அந்தச் சாமான்களை வச்சுத்தான் யோசிப்பீங்க. அதால "அவசரப்படாம யோசி" எண்ட புத்திமதி என்னைக் கேட்டா பாதிதான் சரி.

படிச்ச ஆக்களுக்கு இது நடக்காதெண்டு நினைக்காதீங்க. 2006ல வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில, சட்டம் தெரிஞ்ச ஆக்களிட்ட ஒரு கடைத்திருட்டு வழக்கைக் குடுத்து, அரச தரப்பு கேக்கிற தண்டனை எத்தனை மாசம் எண்டதை ரெண்டு தாயக்கட்டை உருட்டி அவங்களையே எடுக்கச் சொன்னாங்க. ரெண்டு கட்டையையும் கூட்டினா 3 இல்லாட்டி 9 மட்டும் விழுற மாதிரி செஞ்சது. 3 விழுந்தவங்க சராசரியா 5 மாசம் மட்டில குடுத்தாங்க, 9 விழுந்தவங்க 8 மாசம் மட்டில. உருட்டினதே அவங்கட கைதான், எண்டாலும் இழுபட்டாங்க. புதுக்கடை கோர்ட்டுப் பக்கம் போற ஆக்கள் இதைக் கேட்டா என்ன சொல்லுவாங்களோ.

முழுசா தப்ப வழி இல்ல, குறைக்கலாம். 2000ல வந்த இன்னொரு ஜெர்மன் ஆய்வில, கார் விசயத்தில அனுபவமுள்ள ஆக்களிட்ட ஒரு பழைய காருக்கு விலை மதிக்கச் சொன்னாங்க. சொல்லப்பட்ட விலை ஏன் பிழையா இருக்கலாம் எண்டு முதல்ல காரணம் சொல்ல வச்ச ஆக்களிட்ட இழுப்பு குறைஞ்சுது. அப்ப சாரிக் கடையில செய்ய வேண்டியது பேரம் இல்ல, அது பிறகு. அந்த 9,000 ஏன் கூட எண்டதுக்கு ரெண்டு மூண்டு காரணத்தை மனசுக்குள்ள வரிசையா சொல்லிப் பாருங்கோ, தையல், துணி, அடுத்த கடை விலை, எதையாவது. இன்னும் நல்லது, கடைக்குள்ள கால் வைக்க முந்தியே உங்கட விலையை ஃபோன்ல டைப் பண்ணி வைக்கிறது.