கன்னோலி ஓட்டில் கொப்புளங்கள் எழுவது எப்படி?

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு உரிய கன்னோலி என்பது, குழல் வடிவில் பொரித்தெடுத்த மெல்லிய மாவு ஓட்டுக்குள், செம்மறி ஆட்டுப் பாலில் செய்த ரிக்கோட்டா என்னும் மென்மையான பாலாடைக்கட்டியைச் சர்க்கரையுடன் கலந்து நிரப்பும் பண்டமாகும். ஓட்டின் மேற்பரப்பு முழுவதும் சிறிதும் பெரிதுமாகக் கொப்புளங்கள் எழும்பியிருந்தால்தான் அங்கே அதை நல்ல கன்னோலி என்று ஏற்பார்கள். இக்கொப்புளங்களுக்காக மாவில் வழக்கமாக ஈஸ்ட்டோ சோடா உப்போ சேர்ப்பதில்லை. கோதுமை மாவு, பன்றிக் கொழுப்பு, கொஞ்சம் சர்க்கரை, கோகோத் தூள், மர்சாலா ஒயின், பல வீடுகளில் சிறிதளவு வினிகர் ஆகியவையே அதன் சேர்மானம். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் இந்தச் சேர்மானத்தில், மணத்துக்காகச் சேர்ப்பதுபோலத் தோன்றும் ஒயினுக்குத்தான் பெரும் பங்கு இருக்கிறது.

கோதுமையில் உள்ள கிளையடின், குளூட்டெனின் என்னும் புரதங்கள் நீரில் நனைந்து பிசையப்படும்போது ஒன்றோடொன்று பிணைந்து, குளூட்டன் என்னும் இழுபடும் வலையாக மாறுகின்றன. இந்த வலை அறவே இல்லாவிட்டால் நீராவியைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது; அளவுக்கு மீறி வலுத்துவிட்டாலோ, தேய்த்த மாவு சுருங்கிக்கொள்ளும், பொரித்த ஓடும் கடிக்கக் கடினமாகிவிடும். மர்சாலாவில் ஏறத்தாழ 17 முதல் 18 சதவீதம் ஆல்கஹால் உண்டு. அது மாவை ஈரமாக்கித் தேய்ப்பதற்கு இணக்கமாக்கினாலும், நீரைப் போலக் குளூட்டன் உருவாகத் துணைபுரிவதில்லை. கொழுப்பு புரதங்களின் மீது படிந்து அவை நீரோடு சேர்வதைக் குறைக்கிறது. வினிகரின் அமிலம் புரத இழைகளுக்கிடையே உள்ள பிணைப்பைச் சற்றே தளர்த்துகிறது. பிசைந்த மாவை ஒரு மணி நேரமாவது மூடி வைப்பது, இறுகி நிற்கும் வலை தளர்ந்து, மாவைக் கிழியாமல் மெலிதாகத் தேய்க்க முடிய வேண்டும் என்பதற்காகவே.

மாவை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வட்டமாக வெட்டி, குழலின் மேல் சுற்றுகிறார்கள். முற்காலத்தில் நாணல் தண்டைத் துண்டுகளாக நறுக்கிக் குழலாகப் பயன்படுத்தினார்கள். இன்று உலோகக் குழல்கள் புழங்குகின்றன. ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவி ஒட்டுவார்கள். சூடுபட்டதும் அப்புரதம் உறைந்து, ஓரங்கள் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு துளி குழலின் மேல் வழிந்துவிட்டாலும் அதே புரதம் ஓட்டைக் குழலோடு ஒட்டவைத்துவிடும்; கழற்றும்போது ஓடு உடைந்துபோகும்.

சுமார் 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் எண்ணெயில் இதை இறக்கியவுடன், மாவிலுள்ள ஈரம் கொதிக்கத் தொடங்குகிறது. ஆல்கஹால் கலந்திருப்பதால் 100 டிகிரியை எட்டுவதற்கு முன்பே ஆவி கிளம்புகிறது. ஆயினும் கொப்புளங்களைப் பெரிதாக்கும் விசையில் பெரும்பகுதி நீராவியுடையதே. நீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுகிறது. மாவைத் திரும்பத் திரும்ப மடித்துத் தேய்க்கும்போது உள்ளே சிக்கிய நுண்ணிய காற்றறைகளில் இந்த ஆவி புகுந்து அவற்றை ஊதுகிறது. பூரியில் இரண்டு படலங்களுக்கு இடையே ஒரே பெரிய அறை உருவாகிறது. கன்னோலியிலோ வலுக்குறைந்த வலை பல இடங்களில் தனித்தனியே விட்டுக்கொடுப்பதால் எண்ணற்ற சிறு கொப்புளங்கள் எழுகின்றன. அவை அமுங்குவதற்குள் புரதம் உறைந்து, ஈரம் வெளியேறி, சுவர்கள் அப்படியே விறைத்துவிடுகின்றன. ஆகவே என் கருத்தில், ஆல்கஹால் முந்திக் கொதிப்பதைவிட, அது குளூட்டனை அளவோடு நிறுத்துவதே முக்கியமானது.

எண்ணெயின் சூடு குறைந்தால் மேற்பரப்பு விறைக்கத் தாமதமாகும், கொப்புளமும் எழாது. ஆவி வேகமாக வெளியேறும்வரை எண்ணெய் உள்ளே புக முடிவதில்லை. எடுத்து ஆறவைக்கும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து அழுத்தம் குறைய, மேற்பரப்பில் தங்கிய எண்ணெய் உள்ளிழுக்கப்படுகிறது. ஆகவே ஓட்டை எடுத்தவுடனேயே, சூடு ஆறுவதற்குள் எண்ணெயை வடித்துவிட வேண்டும்.

தவக்காலத்துக்கு முந்திய கார்னிவல் நாட்களில் இத்தாலி முழுவதும் பொரிக்கப்படும் மெல்லிய நாடாப் பண்டங்களும் இதே முறையில்தான் பொங்குகின்றன. மிலானில் கியாக்கியெரே, ரோமில் ஃப்ராப்பே, வெனிஸில் கலானி என்று ஊருக்கொரு பெயர் வழங்குகிறது. வடகிழக்குப் பகுதிகளில் மர்சாலாவுக்குப் பதிலாக, திராட்சைச் சக்கையிலிருந்து வடிக்கும் கிராப்பாவைச் சேர்க்கிறார்கள். இவற்றின் மாவில் சர்க்கரையைக் குறைத்து, பொரித்த பின் மேலே தூவுவதற்கும் காரணம் உண்டு: மாவில் சர்க்கரை மிகுந்தால், உள்ளே ஈரம் வற்றுவதற்கு முன்பே வெளிப்புறம் கருகத் தொடங்கிவிடும்.

ஈரம் வற்றிய மாவின் மாவுச்சத்தும் புரதமும் கண்ணாடி நிலை எனப்படும் விறைப்பான நிலையில் இருப்பதால்தான் ஓடு நொறுங்குகிறது. சிறிதளவு நீர் புகுந்தாலும் அந்த மூலக்கூறுகள் அசையத் தொடங்கி, ஓடு தொய்ந்துவிடும். ரிக்கோட்டாவின் எடையில் பெரும்பகுதி நீர் என்பதால், அதைத் துணியிலோ சல்லடையிலோ இட்டு நன்றாக வடித்த பிறகே சர்க்கரையோடு சேர்க்கிறார்கள். தொலைவுக்கு எடுத்துச் செல்ல வேண்டுமானால் ஓட்டின் உட்புறத்தில் உருக்கிய சாக்லேட்டைப் பூசுவதுண்டு. அதிலுள்ள கொழுப்பு, ஈரம் கசிவதைத் தாமதப்படுத்தும். சிசிலியின் தேர்ந்த கடைக்காரர்கள் இதையும் நம்பியிருப்பதில்லை. வெறும் ஓடுகளைக் காற்றுப்புகாமல் வைத்திருந்து, வாடிக்கையாளர் கேட்ட பின்பே ரிக்கோட்டாவை நிரப்பித் தருகிறார்கள்.