சிபி4 பம்ப்: உடையும் முன்பே மாற்றலாமா?

"வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா இந்த ஹை பிரஷர் பம்ப் எப்ப வேணா போயிடும்னு சொல்றாங்க. இப்பவே புதுசு போட்டுடட்டுமா?" அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டீசலை மிக அதிக அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குத் தள்ளும் சிபி4 என்ற பம்பைப் பற்றித்தான் இந்தப் பயம். அதைக் கழற்றிவிட்டு இன்னொரு சிபி4 பம்பைப் போடுவதாக இருந்தால், வேண்டாம், காசை வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதற்குத்தான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியில் எந்தப் பம்ப் இருக்கிறது என்று பாருங்கள். பாஷ் நிறுவனத்தின் சிபி4.2 பம்ப் வந்த பிக்கப்கள் முக்கியமாக மூன்று வகை. 2011 முதல் ஃபோர்டு 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக். 2011 முதல் 2016 வரையிலான ஜிஎம் டியூராமேக்ஸ், அதாவது எல்எம்எல் இன்ஜின். 2019, 2020ஆம் ஆண்டு ராம் வண்டிகளில் 6.7 கம்மின்ஸ். 2017 முதல் வந்த டியூராமேக்ஸில் இருப்பது டென்சோ பம்ப். அதை வைத்திருப்பவர்கள் இந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

ராம் வைத்திருப்பவர்கள் சொந்தக் காசில் எதையும் செய்வதற்கு முன் ரீகால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2021 நவம்பரில் இந்தப் பம்புக்காகவே சுமார் 2.22 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. சிபி4 பம்பை எடுத்துவிட்டு அதற்கு முந்தைய தலைமுறையான சிபி3 பம்பை இலவசமாகப் போட்டுத் தருவதுதான் அந்த ரீகால். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏவின் தளத்தில் வண்டியின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணைப் போட்டால், வேலை பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பழைய வண்டியை இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவர்கள்தான் இதைத் தவறவிடுகிறார்கள்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பம்ப் பற்றி ஒரு கணிப்பு உண்டு. புகை அதிகமானாலோ, இழுவை குறைந்தாலோ பம்பைக் கழற்றி பெஞ்சில் ஏற்றி கேலிப்ரேஷன் பார்த்து, எலிமெண்ட் மாற்றிப் போடுவார்கள். அந்தக் காலத்து இன்லைன் பம்பின் கேம் ஷாஃப்ட் இன்ஜின் ஆயிலில் ஓடியது. தேய்மானம் மெதுவாக வந்தது, முன்கூட்டியே சொல்லிவிட்டும் வந்தது. பம்ப் கெட்டால் செலவும் பெரும்பாலும் பம்போடு நின்றது. சிபி4 விஷயத்தில் இந்தக் கணிப்பு செல்லாது. ஏன் என்று புரிய வேண்டுமானால் பம்பின் உள்ளே கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

இந்தப் பம்பில் டீசலை அமுக்கும் தண்டுகள், அதாவது பிளஞ்சர்கள், இரண்டு. கேம் ஷாஃப்டில் இரண்டு மேடுகள். ஒவ்வொரு பிளஞ்சருக்கும் அடியில் அதைத் தாங்கித் தள்ளும் ஒரு டேப்பட், அதன் அடியில் ஒரு உருளை. அந்த உருளை கேம் மேல் உருண்டபடி பிளஞ்சரைத் தள்ள, 2,000 பார் அளவுக்கு அழுத்தம் எழுகிறது. இங்கே மசகாக இருப்பது டீசல் மட்டுமே. ஆயில் ஒரு சொட்டுக்கூட கிடையாது. டேப்பட்டின் உருளை கேமுக்கு நேராக இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆனால் டேப்பட் தன் துளைக்குள் சுழன்றுவிடாமல் பிடித்துவைக்கும் தடுப்பு எதுவும் இல்லை. டீசலோடு காற்றுக் குமிழி வந்தாலோ, மசகு போதாமல் போனாலோ உருளை ஒரு கணம் கேமை விட்டு எழும்பலாம், டேப்பட் கொஞ்சம் திரும்பலாம். கால்வட்டம் திரும்பிவிட்டால் கதை முடிந்தது. உருளை குறுக்கே நிற்க, கேம் அதன் மேல் உரசி உரசி இரும்பைச் சீவித் தள்ளும். சிபி3 பம்பில் இந்தச் சிக்கலே இல்லை. அதன் டேப்பட்டின் அடிப்பக்கம் தட்டை. கேம் மேல் இருக்கும் பலகோண வளையத்தின் தட்டையான முகத்தில் அது உட்கார்ந்திருப்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான்.

சீவிய துகள் எங்கே போகிறது என்பதில்தான் பெரிய செலவு இருக்கிறது. ஃபில்டரைத் தாண்டி வரும் டீசல் முதலில் கேம் பெட்டிக்குள் போய் மசகிடுகிறது. அதே டீசல் அங்கிருந்து, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு வழியாகப் பிளஞ்சருக்குப் போகிறது. அதற்குப் பிறகு ரெயில் என்ற பொதுக் குழாய், அங்கிருந்து இன்ஜெக்டர். அதாவது பம்பின் குப்பை நடுவில் எந்த ஃபில்டரும் இல்லாமல் இன்ஜெக்டருக்கே போய்ச் சேருகிறது. மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்குத் திரும்புகிறது. சில மைக்ரான் இடைவெளியில் வேலை செய்யும் இன்ஜெக்டருக்குள் இந்தத் துகள் போனால் கழுவி மீட்பது நடக்காத காரியம். எனவே ஃபோர்டு, ஜிஎம் வண்டிகளில் பம்ப், இரண்டு ரெயில், எட்டு இன்ஜெக்டர், ஹை பிரஷர் குழாய்கள், ரிட்டர்ன் லைன், பிரஷர் ரெகுலேட்டர், ஃபில்டர்கள் எல்லாம் மாற வேண்டும். டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும். ஃபோர்டாக இருந்தால் டேங்க்கிலிருந்து டீசலை இன்ஜினுக்குத் தள்ளும், சேசிஸில் இருக்கும் லிஃப்ட் பம்பும் சேரும். பில் 8,000 டாலரில் தொடங்கி 12,000 வரைக்கும், சமயத்தில் அதற்கு மேலும் போகும்.

புதிய சிபி4 வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். இது மைல் கணக்கில் தேய்ந்து சாகிற பம்ப் இல்லை. 20,000 மைலிலும் போகும், 2,50,000 மைல் தாண்டியும் ஓடும். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எடுத்துவிட்டு அதே வடிவமைப்பில் புதியதைப் போட்டால், அந்த டேப்பட் திரும்பும் வாய்ப்பும் அப்படியே கூட வருகிறது. போதாததற்கு, புதுப் பம்பை மாட்டும்போது லைனில் காற்றை விட்டுவிட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே அதைக் கெடுத்துவிடலாம்.

உருப்படியான வழிகள் இரண்டு. ஒன்று, பைபாஸ் கிட். கேம் பெட்டியில் ஓடும் டீசலைத் தனியாகப் பிரித்து நேரே டேங்க்குக்குத் திருப்பிவிடும். மீட்டரிங் வால்வுக்கு ஃபில்டரிலிருந்தே சுத்தமான டீசல் போகும். பம்ப் உடைவதை இது தடுக்காது. உடைந்தாலும் குப்பை இன்ஜெக்டருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இரண்டாவது வழி, சிபி4 பம்பையே எடுத்துவிட்டு சிபி3 அல்லது அதற்கென்றே செய்யப்பட்ட மாற்றுப் பம்பைப் போடுவது.

கணக்கைத் தோராயமாக இப்படிப் போட்டுப் பாருங்கள். முழு உடைவு 10,000 டாலர். பைபாஸ் கிட் கூலியோடு 1,000. கிட் இருக்கும்போது பம்ப் உடைந்தால் புதுப் பம்ப், டேங்க் கழுவுதல், கூலி எல்லாம் சேர்த்து 3,000. அதாவது கிட் காப்பாற்றித் தருவது 7,000. நீங்கள் வண்டியை வைத்திருக்கப்போகும் காலத்தில் பம்ப் உடைய ஏழில் ஒரு பங்கு வாய்ப்பாவது உண்டென்று தோன்றினால் கிட் லாபம். பம்பையே மாற்ற 4,000 ஆகும் என்றால், ஐந்தில் இரண்டு பங்கு வாய்ப்பு இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். பணத்தை மட்டும் பார்த்தால் பெரும்பாலோருக்கு பைபாஸ் கிட் போதும். நெடுஞ்சாலையில் பின்னால் பத்து டன் டிரெய்லர் தொங்கும்போது இன்ஜின் நின்றுபோவதற்கு என்ன விலை போடுவது என்பது வேறு கேள்வி. டிரெய்லர் இழுத்துப் பிழைப்பவர்கள் பம்பையே மாற்றிவிடுவதில் நியாயம் இருக்கிறது.

எல்எம்எல் டியூராமேக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டியே போட வேண்டும். அந்த வண்டியில் கம்பெனி கொடுத்த லிஃப்ட் பம்ப் கிடையாது. டேங்க்கிலிருந்து இன்ஜின்வரை டீசலை சிபி4 தானே உறிஞ்ச வேண்டும். உறிஞ்சுகிற லைனில் எங்காவது ஒரு ஓ-ரிங் தளர்ந்தால் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்பதை வைத்து லைன் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது. இந்த இன்ஜினுக்கு முதலில் செலவழிக்க வேண்டியது, தண்ணீரையும் காற்றையும் பிரிக்கும் ஃபில்டரோடு வரும் லிஃப்ட் பம்புக்கு. மற்றதெல்லாம் பிறகு. 2011 முதல் 2016 வரையிலான இந்த வண்டிகள் தொடர்பான வழக்கில் ஜிஎம் நிறுவனம் 2024இல் 5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாற்றுப் பம்ப் கிட்டுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் ஸ்மாக் சோதனை என்ற புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

எதற்கும் காசை எடுக்கும் முன் பம்ப் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பலர் ஃபில்டரை வெட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கலாம், தவறில்லை. ஆனால் ஃபில்டர் இருப்பது பம்புக்கு முன்னால். அங்கே துகள் மினுங்கினால் அது டேங்க்குக்குப் போய்ச் சுற்றித் திரும்பி வந்தது என்று அர்த்தம், அப்போது காலம் கடந்திருக்கும். பார்க்க வேண்டிய இடம் பம்ப் மேல் இருக்கும் மீட்டரிங் வால்வு. இன்ஜினை நிறுத்தி, ரெயில் அழுத்தம் முழுக்க இறங்கிவிட்டது என்று ஸ்கேனரில் உறுதி செய்துகொள்ளுங்கள். சுற்றிலும் பிரேக் கிளீனரால் துடைத்து, அழுக்கு ஒரு துளியும் உள்ளே விழாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகு வால்வைக் கழற்றுங்கள். அதன் முனையில் இருக்கும் நுண் சல்லடையையும், அது உட்கார்ந்திருந்த குழியையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். குழியில் இருக்கும் டீசலில் கொஞ்சம் எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் விடுங்கள். ஆரோக்கியமான பம்பில் ஒன்றுமே இருக்காது. வெள்ளி ஜிகினா தூவியது போல மினுமினுத்தால் வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை, அதனால் இரும்பு இல்லை என்று சமாதானம் அடைவதும் தப்பு. சிபி4 பம்பின் உடல் அலுமினியம், அந்தத் தூள் காந்தத்தில் ஒட்டாது. வால்வைத் திரும்ப மாட்டும்போது புது ஓ-ரிங் போடுங்கள்.

இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் குழாயின் நட்டைத் தளர்த்தும் பழைய பழக்கம் இங்கே கூடவே கூடாது. இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நேர்ந்தால் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சோதனையில் பம்ப் சுத்தமாக இருந்தால் மிச்சமெல்லாம் டீசலைப் பொறுத்தது. டீசலின் மசகுத் தன்மையை ஒரு எஃகு உருண்டையை உரசவிட்டு, அதில் விழும் தழும்பின் அகலத்தால் அளக்கிறார்கள். தழும்பு சிறியதாக இருந்தால் டீசல் நல்லது. ஐரோப்பாவிலும் இந்தியாவின் பிஎஸ்6 டீசலிலும் உச்ச வரம்பு 460 மைக்ரான். அமெரிக்காவில் 520 வரைக்கும் அனுமதி. இந்தப் பம்ப் ஐரோப்பிய டீசலை மனதில் வைத்து உருவானது என்பதை நினைத்தால் அந்த 60 மைக்ரானின் கனம் புரியும். கந்தகத்தை எடுத்ததால்தான் மசகு போயிற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் கந்தகத்தை நீக்கும்போது கூடவே போய்விடும் வேறு சில சேர்மங்கள்தான் உலோகத்தில் ஒட்டி மசகிட்டவை. 2 சதவீதம் பயோடீசல் சேர்ந்தால் அந்தக் குறை பெருமளவு தீரும். 30 கேலன் டேங்க்குக்கு 0.6 கேலன், அதாவது இரண்டேகால் லிட்டர். அது கிடைக்காத ஊரில், மசகுக்கென்று விற்கும் அடிட்டிவை ஒவ்வொரு முறை டீசல் அடிக்கும்போதும் பாட்டிலில் போட்ட அளவில் ஊற்றலாம். இன்ஜின் ஆயிலைக் கலக்கும் கைவைத்தியம் வேண்டாம், அதன் சாம்பல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பில் போய் அடைக்கும்.

மாதம் ஒருமுறை வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் டீசல் அடிக்கும் பங்க்கை மாற்றுங்கள். டேங்க்கைக் கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். டீசல் ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது முதலில் வரும் பதில் "டீசலில் தண்ணீர்" என்பதாகத்தான் இருக்கும், அப்போது கையில் காட்ட ஏதாவது வேண்டும். ஃபில்டர் மாற்றியதும் நேரே ஸ்டார்ட் அடிக்காமல் காற்றை வெளியேற்றுங்கள். ஃபோர்டில் சாவியை ஆன் செய்து 30 விநாடி வைத்து ஆஃப் செய்ய வேண்டும், இப்படி ஆறு முறை. எல்எம்எல் வண்டியில் ஃபில்டர் தலையில் இருக்கும் பொத்தானைக் கையால் அமுக்கி, கெட்டியாகும்வரை பம்ப் செய்ய வேண்டும். பெட்ரோலைத் தவறிப் போட்டுவிட்டால் சாவியை ஆன் செய்யக்கூட வேண்டாம். ஃபோர்டில் அதற்கே லிஃப்ட் பம்ப் ஓடத் தொடங்கிவிடும்.

ஓடும் வண்டி திடீரென்று நின்று, ஸ்கேனரில் பி0087 என்று ரெயில் அழுத்தக் குறைவு காட்டினால் ஃபில்டர் அடைப்பாகவும் இருக்கலாம், பம்பாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் துகள் இன்னும் கொஞ்சம் முன்னே போகும். டோ வண்டியைக் கூப்பிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், முதல் வேலையாக அந்த மீட்டரிங் வால்வைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றும்போது பக்கத்திலேயே நின்று நீங்களும் பாருங்கள்.