எலுமிச்சைத் தோலும் வெயிலும்: காக்டெயில் அலங்கரிப்பவர்களுக்கு ஒரு தோல் மருத்துவரின் வேண்டுகோள்

விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தோல் சிவந்து, கொப்புளம் கண்டு, தீப்பட்டதுபோல் எரிகிறது என்று வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இரண்டு, மூன்று நாளுக்கு முன் எலுமிச்சை நறுக்கிவிட்டு வெயிலில் இருந்தீர்களா?" பலரும் பூச்சிக்கடி என்றோ புதிய சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்து வருகிறார்கள். வீட்டு விருந்தில், மொட்டைமாடியில் நின்று காக்டெயில் கோப்பைகளின் விளிம்பில் செருக எலுமிச்சை வில்லைகள் நறுக்கியதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

எலுமிச்சை வகைகளில், குறிப்பாக லைம் எனப்படும் பச்சை எலுமிச்சையில், ஃபியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருட்கள் உள்ளன. சோராலன், பெர்காப்டன் ஆகியவை இந்தக் குடும்பம். வெயில் படாதவரை இவை நம் தோலை ஒன்றும் செய்வதில்லை. 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா ஏ கதிர்கள் பட்டதும் தோல் செல்களின் டிஎன்ஏவோடு பிணைந்து அவற்றைச் சிதைக்கின்றன. இது ஒவ்வாமை அல்ல. ஆகவே இதுவரை எலுமிச்சையால் எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கும் வரும். இதே சோராலனை அளந்து கொடுத்து, புற ஊதா ஏ ஒளியை நேரம் கணக்கிட்டுக் காட்டி, வெண்புள்ளிக்கும், செதில் படியும் சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும் சிகிச்சை அளிக்கிறோம். விருந்தில் அளவும் தெரியாது, நேரமும் தெரியாது.

சாற்றைவிடப் பழத்தோலில்தான் இந்தப் பொருள் மிக அதிகம். அலங்காரத்துக்கு நாம் பயன்படுத்துவதும் அந்தத் தோலைத்தான். சீவிய தோலைக் கோப்பையின் மேல் முறுக்கும்போது எழும் எண்ணெய்த் திவலைகள் மணத்தைத் தருவதோடு விரல்களிலும் முன்கையிலும் படிகின்றன. ப்ளடி மேரி என்ற தக்காளிச்சாறு காக்டெயிலில் செருகும் செலரித் தண்டிலும், பார்ஸ்லி இலையிலும் இதே வேதிப்பொருட்கள் உண்டு. காக்டெயிலில் மது இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எரிச்சல் உடனே வராததால்தான் ஏமாந்துபோகிறோம். ஏறத்தாழ ஒரு நாள் கழித்துத் தோல் சிவக்கத் தொடங்கி, 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். பிறகு தங்கும் பழுப்பு நிறம் மறைய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். சாறு வழிந்த இடத்தில் கோடாக, தெறித்த இடத்தில் புள்ளியாக, தொட்ட இடத்தில் விரல் பதிவாகவே அது தெரியும். எலுமிச்சை பிழிந்த கையோடு குழந்தையைத் தூக்கினால் அதன் முதுகில் பெரியவரின் விரல்கள் பதிந்தது போன்ற தழும்பு வரக்கூடும். அதை அடித்த காயம் என்று தவறாகப் புரிந்துகொண்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பெற்றோருக்கு இதைத்தான் நான் மிக அழுத்தமாகச் சொல்வேன்.

தடுப்பது எளிது. பழங்களை வீட்டுக்குள்ளேயே நறுக்கி, மூடிய பாத்திரத்தில் வெளியே கொண்டுசெல்லுங்கள். ஜன்னலோர வெயிலும் வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதா ஏ கதிர்களில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் என்பதால் வெறும் தண்ணீரில் அது போகாது. சன்ஸ்கிரீன் பூசியிருக்கிறேன் என்று கழுவாமல் விடாதீர்கள். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காமல், குளிர்ந்த ஈரத்துணி வைத்து, வெயில் படாமல் மூடுங்கள். பரப்பு பெரிதாக இருந்தாலோ சீழ் தெரிந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

விருந்தினருக்காகவும் ஒரு வார்த்தை. எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த, சற்றே கசக்கும் பெரிய பழமான கிரேப்ஃப்ரூட்டிலுள்ள ஃபியூரனோகூமரின்கள், குடலில் பல மருந்துகளைச் சிதைக்கும் நொதி ஒன்றை முடக்கிவிடும். மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் ஏறும். 1980களின் இறுதியில் கனடாவில், ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தவர்கள், மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தபோது தற்செயலாகத் தெரியவந்த உண்மை இது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடினும் இந்தப் பட்டியலில் உண்டு. சாறும் அதன் மேல் ஒரு வில்லையுமாகக் கோப்பையை நீட்டும் முன், தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் கிரேப்ஃப்ரூட்டைத் தவிர்த்து வேறு பானம் கொடுங்கள்.