குறைவாக அடித்த நாணயமெல்லாம் அரிய நாணயம் இல்லை

ஓய்வுக்காலப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு வாங்கிய நினைவு நாணயங்களைப் பெட்டி பெட்டியாக, நாணயம் மதிப்பிடும் என் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். பிரிக்காத உறை, எண் போட்ட சான்றிதழ், வெல்வெட் பெட்டி எல்லாம் பத்திரமாக இருக்கும். எவ்வளவு போகும் என்று கேட்பார்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் வெள்ளியின் எடைக்குத்தான் விலை போகும். அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வது கொடுமையான வேலை. போன வாரமும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "குறைவாகத்தான் அடிச்சிருக்காங்க சார், விலை ஏறத்தானே செய்யும்?"

ஏறியே தீரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எத்தனை அடித்தார்கள் என்பது ஒரு கணக்கு. அதில் எத்தனை நல்ல நிலையில் மிஞ்சியிருக்கிறது என்பது வேறு கணக்கு. மிஞ்சியதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது மூன்றாவது. விலையைத் தீர்மானிப்பது பின்னால் சொன்ன இரண்டும்தான். விற்பவர் உங்களிடம் காட்டுவதோ முதல் கணக்கை மட்டும்.

அமெரிக்காவின் 1950ஆம் ஆண்டு ஐந்து சென்ட் நாணயத்தைப் பாருங்கள். டென்வர் நாணயச்சாலை அந்த வருடம் அடித்தது 26,30,030 மட்டுமே. முன்னாள் அதிபர் ஜெஃபர்சன் உருவம் போட்ட அந்த வரிசையிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை. செய்தி பரவியதும் ஆளாளுக்கு ரோல் ரோலாக வாங்கிப் பூட்டிவைத்தார்கள். 40 நாணயம் கொண்ட ஒரு ரோலின் முகமதிப்பு 2 டாலர். 1964 வாக்கில் அது ஏறத்தாழ 1,200 டாலருக்குப் போனது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தார்கள், விலை சரிந்தது. காரணம் எளிது. குறைவாக அடித்ததால் எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள், பத்திரப்படுத்தியதால் புழங்காத நாணயம் ஏராளமாகத் தங்கிவிட்டது. கோடிக்கணக்கில் அடித்து, யாரும் கவனிக்காமல் கைமாறித் தேய்ந்துபோன சில நாணயங்கள் பளபளப்பான நிலையில் கிடைப்பது இதைவிடக் கடினம். நினைவு நாணயங்களுக்கும் இதே கதிதான். வாங்கிய ஒவ்வொருவரும் பெட்டியோடு வைத்திருக்கிறார்கள். தேய்வதில்லை, தொலைவதில்லை. பிறகு அரிய தன்மை எங்கிருந்து வரும்?

உண்மையிலேயே அரிது என்று நிபுணர்கள் நம்பியதுகூடக் கவிழ்ந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் அடித்த, மார்கன் என்பவர் வடிவமைத்த 1903ஆம் ஆண்டு வெள்ளி டாலர், புழங்காத நிலையில் 1,500 டாலர் என்று விலைப்பட்டியலில் இருந்தது. 1918இல் வந்த சட்டத்தின்கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியபோது இதுவும் போயிருக்கும் என்றே எண்ணினார்கள். 1962 இறுதியில் அரசுக் கருவூலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. விலை சில பத்து டாலருக்கு இறங்கிவிட்டது.

உலோக விலையால் வரும் ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கிய வெள்ளி, மார்ச் முடிவதற்குள் 11 டாலருக்கும் கீழே போனது. சாதாரண வெள்ளி நாணயங்களும் கூடவே ஏறி, கூடவே இறங்கின.

அடுத்த அலைதான் பாடம் நிறைந்தது. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்று இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் நாணயத்துக்கு 70 வரை தரப்புள்ளி போட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரத் தொடங்கின. போலியைக் களைய நல்ல ஏற்பாடு, நானே பரிந்துரைக்கிறேன். ஆனால் நாணயத்தைப் பார்க்காமலே பங்குபோல வாங்கலாம் என்ற எண்ணம் வந்தது. முதலீட்டுப் பணம் குவிந்து 1989இல் விலை உச்சத்துக்குப் போய், பிறகு பல வகைகள் பாதிக்கும் கீழே விழுந்தன. உறைமேல் உள்ள எண்ணை நம்பி வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: "இந்தத் தரத்தில் சிலதான் உண்டு" என்பது இதுவரை தரம்பார்க்க வந்தவற்றின் கணக்கு. விலை ஏறினால் வீட்டில் கிடப்பதெல்லாம் தரம்பார்க்க வரும், அந்த எண்ணிக்கை கூடும்.

ஆகவே, கேட்லாக்கில் (விலைப்பட்டியல் புத்தகத்தில்) போட்டிருக்கும் விலையைக் கையில் வரப்போகும் பணமாக எண்ணாதீர்கள். ஏலங்களில் அதே தரத்து நாணயம் அண்மையில் உண்மையாகவே என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள், அதிலிருந்து கமிஷனைக் கழியுங்கள். எல்லோரும் ஒரு நாணயத்தைப் பற்றியே பேசும்போது அதை வாங்க ஓடாதீர்கள். கடன் வாங்கி நாணயம் வாங்கவே வாங்காதீர்கள், இதை எத்தனை முறை சொல்வது! புளி, பற்பசை, துணி எதையும் கொண்டு தேய்க்காதீர்கள். தேய்த்த நாணயத்தின் மதிப்பைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கி எறியுங்கள். அவற்றிலிருந்து கசிவது நாணயத்தில் பச்சையாகப் படிந்து உலோகத்தை அரிக்கும்.

வரலாற்றுக்காகவோ, வடிவழகுக்காகவோ பிடித்து வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். சேமிப்பைப் போடப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதையே நாளைக்கு நான் கொண்டுவந்தால் நீங்கள் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.